இரண்டு சூரிய உதயங்களின் வான்வழி

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதற்கு மாற்றாக, குவாண்டாஸ் நிறுவனம் 1943-ல் இந்தியப் பெருங்கடலுக்குக் குறுக்கே இடைநில்லாச் சேவை ஒன்றைத் தொடங்கியது. பெர்த் நகரின் நெட்லாண்ட்ஸில், சுவான் ஆற்றிலிருந்து புறப்படும் விமானங்கள் இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியில் இறங்கின.

நேர்கோட்டில் இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். இச்சேவைக்குக் கிடைத்தவை கேட்டலினா வகைக் கடல் விமானங்கள் ஐந்து. வேகம் குறைவு, ஆனால் நெடுநேரம் பறக்கக்கூடியவை. பயணம் சராசரியாக 28 மணி நேரம் நீடித்தது. அப்படியானால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். இந்த வேகத்தில் எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வீசினாலே பயணம் ஐந்து மணி நேரம் நீண்டுவிடும். அதனால்தான் ஒரே தூரத்தைக் கடக்க ஒருமுறை 27 மணி நேரமும் மற்றொருமுறை 33 மணி நேரம் வரையும் ஆனது.

இத்தனை நேரம் பறக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் எரிபொருள் தேவைப்பட்டது. அவசியமில்லாத கருவிகளை அகற்றி, உள்ளே கூடுதல் தொட்டிகள் பொருத்தினார்கள். எரிபொருளே எடையை எடுத்துக்கொண்டதால், மூன்று பயணிகளுக்கும் சுமார் 70 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே இடம் எஞ்சியது. பறக்கத் தொடங்கிய முதல் சில மணி நேரங்களில் ஒரு இன்ஜின் நின்றுபோனால், அந்த எடையுடன் மற்றொன்றால் மட்டும் உயரத்தைக் காக்க முடியாது.

புறப்படும் நேரத்தை எதிரியே தீர்மானித்தான். ஜப்பானிய விமானங்களின் கண்காணிப்புக்கு உட்பட்ட கடற்பரப்பை இருளில் கடக்க வேண்டும் என்பதால் கால அட்டவணை அதற்கேற்ப வகுக்கப்பட்டது. வானொலி மௌனம் காக்கப்பட்டது. வழிகாட்டி அலுவலர் நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தே விமானம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்களே சூட்டப்பட்டன. ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயத்தைக் கண்ட பயணிகளுக்கு, ‘இரட்டைச் சூரிய உதய இரகசியக் கழகம்’ என்ற பெயரில் சான்றிதழ் வழங்கப்பட்டது.

1944-ல் நான்கு இன்ஜின் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் சேர்ந்தன. அவை ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் எக்ஸ்மவுத் வளைகுடாவருகே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து கொழும்புவரை சுமார் 4,900 கிலோமீட்டரை ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடந்தன. கடலுக்கு மேலான தூரமும் குறைந்தது, வேகமும் கூடியது. கேட்டலினாவின் தேவை மெல்ல மறைந்தது.

கடைசிக் கேட்டலினா பயணம் 1945 ஜூலையில் முடிந்தது. அதற்குள் அவை 271 முறை பெருங்கடலைக் கடந்து, சுமார் 860 பயணிகளைக் கொண்டுசேர்த்திருந்தன. ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை. போர்க்காலக் கடன் ஒப்பந்தத்தில் பெறப்பட்ட விமானங்கள் என்பதால், போருக்குப் பின் ஐந்தும் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.