பற்சக்கரம்: பல்லளவும் பொருத்தமும்

பற்சக்கரம் என்பது ஓர் அச்சின் சுழற்சியை மற்றோர் அச்சுக்கு வழுக்காமல் கொண்டு சேர்க்கும் யந்திர உறுப்பு. இரு சக்கரங்கள் பொருந்தி ஓடுவதற்கு அவற்றின் விட்டமோ பற்களின் எண்ணிக்கையோ சமமாயிருக்க வேண்டியதில்லை. பல்லின் அளவும், ஒரு பல் மற்றொன்றைத் தள்ளும் அழுத்தக் கோணமும் ஒன்றாயிருத்தலே பிரதானம்.

இக்கலையின் தொன்மைக்குத் தலைசிறந்த சான்று, கிரேக்க நாட்டின் ஆன்டிகிதேரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் வெளிக்கொணரப்பட்டு, இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருட் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கும் வெண்கல யந்திரமாகும். அதில் எஞ்சியுள்ள சுமார் முப்பது சக்கரங்களின் பற்கள் வெறும் முக்கோணங்களே. ஆயினும், பத்தொன்பது ஆண்டுகளில் சந்திரன் விண்மீன்களிடையே 254 முறை சுற்றிவருவதை அறிந்து, அதன் பாதியான 127 பற்களை ஒரே சக்கரத்தில் வெட்டியமைத்த அந்தப் பெயர் தெரியாத சிற்பியின் நுட்பம் போற்றத்தக்கது. 127 பகா எண்ணாதலால் அதைச் சிறு சக்கரங்களாகப் பிரித்தமைக்க வழியில்லை. அதே 127 பல் சக்கரம், அங்குலத் திருகுடைய கடைசல் யந்திரத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டுவதற்கு இன்றும் பூட்டப்படுகிறது. ஐந்து அங்குலம் சரியாக 127 மி.மீ. என்பதே அதற்குக் காரணம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை எனினும் இவ்வொற்றுமை மனத்தைக் கவர்கிறது.

முக்கோணப் பற்கள் விட்டுவிட்டுத் தள்ளுமாகையால் வேகம் சீராக இராது. இக்குறையைத் தீர்க்கப் பிரெஞ்சு கணித அறிஞர்களான லா ஹீரும், 1733-இல் காமூவும் ஆராய்ந்த வட்டப்புரள் வளைவு கடிகாரங்களுக்கு நன்கு உதவிற்று. ஆனால் சரியான விடையைத் தந்தவர் கணித மேதை ஆய்லரே: உருளையில் சுற்றிய நூலை விறைப்பாகப் பிரிக்கையில் அதன் நுனி வரையும் கோட்டைப் பல்லின் வடிவமாகக் கொண்டால், அச்சுகளின் இடைவெளி சற்றுப் பிசகினாலும் சுழற்சி விகிதம் மாறாது.

இனி அளவு. பற்கள் இல்லாமல் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று தொட்டு உருளுவதாகப் பாவித்தால் கிடைக்கும் வட்டத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுக்க வருவது மாட்யூல். அது மில்லிமீட்டரில் கூறப்படும். அங்குல முறையில் பற்களின் எண்ணிக்கையை விட்டத்தால் வகுத்து டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்பர்; ஆயினும் மாட்யூலே தெளிவான முறை. கையிலுள்ள சக்கரத்தில் 40 பற்களிருந்து, வெர்னியர் வெளிவிட்டத்தை 52.5 மி.மீ. என்று காட்டினால், பற்களோடு இரண்டைக் கூட்டிய 42-ஆல் அதை வகுக்க, மாட்யூல் 1.25 எனத் தெரியும். அதே 40 பற்களுடைய 20 டி.பி. சக்கரத்தின் வெளிவிட்டமோ 53.34 மி.மீ. பல்லுக்குப் பல் வேறுபாடு தலைமயிரின் கனமேயாதலால் கண் ஏமாறும். இவ்விரண்டையும் பூட்டினால் பற்கள் இடறி, இரைந்து, விரைவில் தேயும். மாட்யூல் ஒத்திருந்தும் ஒன்று 14½ பாகை அழுத்தக் கோணத்திலும் மற்றது 20 பாகையிலும் வெட்டப்பட்டிருந்தால் விளைவு அதுவே.

பொருந்தும் சக்கரங்களின் அச்சிடைத் தூரம், பற்களின் கூட்டுத்தொகையில் பாதியை மாட்யூலால் பெருக்கக் கிடைக்கும். கடைசல் யந்திரத்தில் மாற்றுச் சக்கரங்களைப் பூட்டுவோர், பற்களுக்கிடையே ஒரு தாள் துண்டைச் செருகி, நெருக்கி முடுக்கியபின் அதை உருவி எடுப்பர். மடிப்பு விழுந்தும் கிழியாமல் தாள் வெளிவந்தால் இடைவெளி போதுமானது.

1897-இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபௌட்டர் அமைத்த, திருகு போன்ற வெட்டுக்கருவியால் பற்களை வெட்டும் ஹாபிங் யந்திரத்தின் வழியிலேயே, இக்காலத்தில் கணினியால் இயங்கும் யந்திரங்களும் பற்களை வெட்டுகின்றன.