ஒரே தாய், இரண்டு நிதி

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1992இல் உலக வங்கி உதவியோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1994இல் தமிழ்நாடு அதற்கெனத் தனிச் சங்கமே அமைத்தது. 1997இல் தொடங்கிய இனப்பெருக்க, குழந்தைநலத் திட்டமோ வேறு நிதியில், வேறு கணக்கில் ஓடியது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு உடம்பு ஒன்றுதான். எச்.ஐ.வி. சோதனைக்காக மிளகாய்க் காட்டுக் கூலியை இழந்து, இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி, எய்ட்ஸ் என்று பலகை மாட்டிய அறைக்குள் நுழையச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநியாயம்.

தனித் திட்டம்தான் வேகமும் ரகசியமும் தந்தது என்பார்கள். வேகம் உண்மை, பயம் ஊரைப் பிடித்திருந்த நாளில் அதற்கென்றே ஆளும் பணமும் தேவைப்பட்டன. ரகசியம் பற்றிய வாதம் நிற்காது. ரத்தசோகை, சிபிலிஸ் சோதனைகளோடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், அவர்கள் சம்மதத்தோடு, எச்.ஐ.வி. சோதனையையும் எடுத்தால் யாரும் தனியே அடையாளப்படுவதில்லை. சிகிச்சையின்றித் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். உரிய மருந்தோடு 5க்கும் கீழே. எய்ட்ஸ் ஒழிப்புக்கு உதவும் சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் 2ஆம் சுற்று நிதி இந்தியாவில் தாய்-சேய் தொற்றுத் தடுப்பை விரிவாக்கப் பயன்பட்டது. இப்படிப்பட்ட பணம் பிரசவம் பார்க்கும் இடத்துக்கே போயாக வேண்டும். தாய்மார் வருவது அங்கேதான்.