பெற்றோர் அந்நியப்படுத்தல்

மணமுறிவின்போதோ பிரிந்து வாழும்போதோ, தாய் தந்தையரில் ஒருவர் பிள்ளையின் மனத்தில் மற்றவர்மீது வெறுப்பை ஊட்டி, தக்க காரணமின்றிப் பிள்ளையே அவரை ஒதுக்கும்படி செய்வது. அடி உதைக்கு அஞ்சிப் பிள்ளை விலகுவது இதில் சேராது.

ஜூடித் வாலர்ஸ்டைன், ஜோன் கெல்லி ஆகிய இருவரும் 1971இல் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் பிரிந்துபோன 60 குடும்பங்களையும் அவற்றின் 131 பிள்ளைகளையும் ஆராயத் தொடங்கினர். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுள்ள சிலர், கோபத்தில் இருக்கும் பெற்றோருடன் கட்சி சேர்ந்து மற்றவரைப் பகைத்ததை அவர்கள் பதிவு செய்தனர். அக்காலத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள், இளம்பிள்ளை தாய்க்கே உரியது என்ற பழைய வழக்கத்தைக் கைவிட்டு, பிள்ளையின் நலனையே அளவுகோலாகக் கொள்ளத் தொடங்கியிருந்தன. தந்தையருக்கும் வாய்ப்புப் பிறந்ததால் பிள்ளைக்கான வழக்குகள் பெருகின. இந்தச் சூழலில், நியூயார்க் குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர் 1985இல் பெற்றோர் அந்நியப்படுத்தலை ஒரு நோய்த்தொகுதியாக அறிவித்தார்.

அவர் வகுத்த அடையாளங்கள் எட்டு. ஓயாத தூற்றல், அற்பக் காரணம், ஒருவரை முழு நல்லவராகவும் மற்றவரை முழுக் கெட்டவராகவும் காணும் பார்வை, யாரும் சொல்லித் தரவில்லை என்ற பிடிவாதம், சண்டையில் எப்போதும் ஒரே பக்கம் நிற்றல், குற்றவுணர்வின்மை, இரவல் பேச்சு, உறவினர்மீதும் பரவும் பகை. அப்பா மென்று தின்னும் சத்தம் பிடிக்காததால் போகமாட்டேன் என்பது அற்பக் காரணத்துக்குச் சான்று. ஏழு வயதுப் பிள்ளை ‘ஜீவனாம்சம்’ பற்றிப் பேசினால் அது இரவல் பேச்சு. தூக்கி வளர்த்த அப்பத்தாவைக்கூடக் கண்டால் முகம் திருப்புவது கடைசி வகை. லேசு, நடுத்தரம், கடுமை எனத் தரம் பிரித்த கார்ட்னர், கடுமையான நிலையில் பிள்ளையை ஒதுக்கப்பட்ட பெற்றோரிடமே மாற்றச் சொன்னார். தொடக்கத்தில் தாய்மாரையே பெரிதும் குற்றவாளிகளாக்கிய அவர், பிற்பாடு தந்தையரும் சம அளவில் இதைச் செய்வதாகத் திருத்திக்கொண்டார்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதை நோயாக ஏற்கவில்லை. கொடுமைக்கார ஆண்கள் தப்பிக்க உதவும் ஆயுதம் இது என்று மகளிர் அமைப்புகள் கூறுவதும் உண்டு. எனினும் நோய் என்ற பெயரே பெரிதும் சர்ச்சைக்குரியது. பிள்ளையின் மனத்தைக் கெடுக்கும் செயல் குடும்பநல வழக்குகளில் பழகியவர் பலரும் அறிந்ததே. 2001இல் கெல்லியும் ஜேனட் ஜான்ஸ்டனும் நோய்த்தொகுதி என்ற சட்டகத்தை விட்டு, பிள்ளையின் நிலையை மையமாக்கி ஆராய்ந்தனர். பிரேசில் 2010இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி பிள்ளையின் நலனே முதன்மை. தந்தை வீட்டில் வளர்ந்த மகளைத் தாயிடம் ஒப்படைப்பதை உறுதிசெய்த 2017 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெற்றோர் அந்நியப்படுத்தல் என்ற கருத்தை எடுத்தாண்டது. 2024இல் அதே நீதிமன்றம், குறிப்பிட்ட செயல்களைச் சுட்டாமல் யார்மீதும் அவசரமாக இம்முத்திரையைக் குத்தக்கூடாது என்றது. குடும்பநல நீதிமன்றங்களில் ஆலோசகர் அமர்வும் சந்திப்பு உத்தரவும் வழக்கத்தில் உள்ளன.