எலியைக் கொளுத்திய ஊர்வலமும் எங்க ஊர்க் குளமும்

நடவு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடந்ததை இன்னைக்கு எழுதிடறேன்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊருக்கும் டவுனுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் வயல். இப்ப அரை கிலோமீட்டர் இருந்தா அதிகம். டவுன் வளர்றதை நான் குறை சொல்லலைங்க. என் பிள்ளைகளுக்கும் பஸ் வேணும், ஆஸ்பத்திரி வேணும். ஆனா மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலையில மடை திறக்கப் போனப்ப, குளத்துக்குள்ளேயே சிவப்பும் வெள்ளையுமா கல்லு நட்டிருந்தாங்க. இணைப்புச் சாலை வருதாம். விசாரிச்சா, "வரைபடம் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, கெடுவும் முடிஞ்சு போச்சே" என்றார்கள். எங்கே ஒட்டினாங்களோ, எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. குளத்துல கால்வாசி ரோட்டுக்குள்ள போச்சு. பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற ஒத்தையடிப் பாதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டது.

இதை என் தங்கச்சி மகன்கிட்ட புலம்பினேன். அவன் நகர அமைப்புப் படிக்கிறவன். "மாமா, நூறு வருஷம் முன்னாடி இதையே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நம்ம தஞ்சாவூர்லேயே வந்து சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றான்.

அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். 1854-இல் பிறந்தவர். படிச்சது செடி கொடி பத்தி, தாவரவியல் பேராசிரியர். எடின்பரோ நகரத்தின் பழைய நெரிசலான பகுதியிலே மனைவியோடு குடியேறி, அக்கம்பக்கத்துக்காரர்களோடு சேர்ந்து வீடுகளைச் சரிபண்ணித் தோட்டம் போட்டவர். மதராஸ் கவர்னர் பென்ட்லாண்ட் பிரபு அழைத்து 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். நகரங்களைப் பற்றி அவர் சேர்த்த படங்கள், வரைபடங்கள் எல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் தனியாக வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? மதராஸில் குண்டு போட்ட அதே எம்டன்! மனுஷர் சளைக்கவில்லை. நண்பர்கள் அனுப்பின வேறு படங்களை வைத்து 1915 தொடக்கத்தில் மதராஸில் கண்காட்சி நடத்திவிட்டார்.

பிறகு நம்ம மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து இன்ஜினியர்கள் நெருக்கமான தெருவைப் பார்த்தால் ஸ்கேலை வைத்து நேர்கோடு போட்டுவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே வந்த வீடெல்லாம் போகும். கெடிஸ் அதை எதிர்த்தார். கால்ல கட்டி வந்தா காலையா வெட்டுறோம்? சீழ் இருக்கிற இடத்தைக் கீறி விடுவோம். அவர் வழியும் அதுதான். சந்து சந்தாக நடந்து, இடிந்து கிடக்கிற வீட்டை மட்டும் எடுத்து, அங்கே ஒரு மரம், கொஞ்சம் திறந்த வெளி, பக்கத்துச் சந்தோடு ஒரு இணைப்பு. கொசு வருதுன்னு குளத்தைத் தூர்க்கச் சொன்னவங்ககிட்ட, மீனையும் வாத்தையும் விடுங்க, கொசுப் புழுவை அது தின்னுடும்னு சொன்னவர். குளம் ஊரைக் குளிர வைக்கும், மழைவெள்ளத்தைத் தாங்கும் என்று ஒரு வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கு பாருங்க.

எனக்குப் பிடித்தது இந்தூர்க் கதை. அங்கே பிளேக்கும் மலேரியாவும் வாட்டின காலம். தீபாவளி ஊர்வலம் இந்தத் தடவை வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் தெருவையும் நன்றாகச் சுத்தம் பண்ணி வைக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று கெடிஸ் அறிவித்தார். ஊரே விளக்குமாறை எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பெரிய பொம்மைகளாக வந்தன, கடைசியில் கொளுத்தினார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில் மாலையோடு வந்தார்கள். அவர்களுடைய வண்டி மாடுகளுக்கு நம்ம மாட்டுப் பொங்கல் மாதிரி கொம்பில் வர்ணம். வீட்டில் வைக்கத் துளசிக் கன்றும் கொடுத்தார்கள்.

ஆனா கெடிஸ் கிளம்பிப் போனதும், அவர் எழுதின அறிக்கைகளில் நிறைய காகிதமாகவே நின்றுவிட்டன. மதராஸில் நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தது. அடுத்த சில வருஷத்திலேயே மயிலாப்பூர்ப் பக்கத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் உண்டாக்கினார்கள். நீங்க தீபாவளிக்குத் துணி எடுக்கிற தி.நகர்தாங்க. வள்ளுவர் கோட்டம் இருக்கிற இடமும் ஏரிதான்.

அதுக்கும் ஆயிரம் வருஷம் முன்னாடி, உத்திரமேரூரில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டினவை. 30 குடும்புகளில் இருந்து ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்குக் காட்டாதவனுக்கு அடுத்து இடமில்லை. நல்ல ஏற்பாடு. ஆனா சொந்த நிலமும் வீடும் வேதப் படிப்பும் இருக்கிறவங்க பேருதான் குடத்துக்குள்ள போச்சு. வயல்ல இறங்கினவங்க பேரு போகலை. அதையும் சேர்த்துத்தான் நாம பெருமைப்படணும்.

இது எனக்கு உறைச்சது போன வருஷம். டவுன் விரிவாக்கம்னு மறுபடி பேச்சு வந்தது. இந்தத் தடவை ஒரு ஞாயித்துக்கிழமை ஊர் எல்லை முழுக்க நடந்தோம். நூறு நாள் வேலைக்குப் போற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எல்லாரும். வரைபடத்துல வடிகால் நேரா டவுன் பக்கம் போறதா போட்டிருந்தது. ஆடு மேய்க்கிற ஒரு அக்கா பார்த்துட்டு, "தண்ணி அங்க போவாது தம்பி, காளியம்மன் கோயில் பின்னாடிதான் போவும். ஐப்பசியில நான் ஆட்டைத் தூக்கிக்கிட்டுக் கடக்கிறேன்ல" என்றது. போய்ப் பார்த்தோம், அதுதான் சரி. முப்பது வருஷமா பக்கத்து வயல்ல விவசாயம் பண்ற எனக்கே தெரியலை. அதுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. எந்தக் கூட்டத்துக்கும் நாங்க அதைக் கூப்பிட்டதும் கிடையாது.

தண்ணி போற வழி, பிள்ளைங்க சைக்கிள் போற வழி, நிழல் மரம் இருக்கிற இடம் எல்லாம் பெரிய தாளில் வரைந்து, அக்டோபர் 2 கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டோம். மேலே அனுப்பியிருக்கு. இன்னும் பதில் வரலை. வரும்னு நிச்சயமும் இல்லை. மாசம் ஒருக்கா போய்க் கேட்டுக்கிட்டு வர்றோம்.

நகரத்துல இருக்கிற நீங்களும் உங்க ஏரியா வரைபடம் வெளியாகும்போது கெடு முடியறதுக்குள்ள ஒருதடவை பாருங்க. பார்க்கிறப்ப, உங்க தெருவைக் கூட்டுறவங்களையும் பக்கத்துல வச்சுக்குங்க. மழைக்கு எங்க தண்ணி நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.