கால்கள் எழுதிய மனு

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் சென்ற புரட்டாசி மாதத்தில் திடீரென்று ஓட ஆரம்பித்தான். பட்டணத்தில் நடக்கும் 26 மைல் ஓட்டத்தில் தை மாதம் கலந்துகொள்ளப் போவதாகச் சிநேகிதர்களிடமெல்லாம் சொல்லிவிட்டானாம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! விடியற்காலையில் நான் பால் வாங்க வாசலுக்கு வரும்போது புயல் மாதிரி என்னைக் கடந்து போவான். நாலு நாள் அப்படி ஓடினான். ஐந்தாம் நாள் பார்த்தால், மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தொண்டு கிழவரைப் போல ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"என்ன தம்பி, ஓட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஓட்டமா? உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, சார். இந்த உடம்பு அதற்கு லாயக்கில்லை போலிருக்கிறது. விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்" என்றான்.

அவனைத் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தேன். ஓட்டத்தைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட ஓடாதவன் நான். ஆனால் எனக்குக் கதை சொல்லத் தெரியும். அவனைப் போலவே முதல் நாள் ஓடிவிட்டுக் கால் பிடித்துக்கொண்டு கிடந்த ஒரு மனிதரின் கதை எனக்கு நினைவு வந்தது. அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியும் உண்டு. அதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் அந்தக் காலத்தில் நேட்டால் என்று அழைக்கப்பட்ட மாகாணத்தில் டர்பன் என்பது கடற்கரைப் பட்டணம். அங்கிருந்து உள்நாட்டில், சுமார் 2,000 அடி உயரத்தில் இருப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம். நடுவே மேடும் பள்ளமுமாய் மலைப் பாதை. தூரம் சுமார் 54 மைல்.

இந்தத் தூரத்தை மனிதர்கள் ஒரே நாளில் ஓடிக் கடக்க வேண்டும் என்ற யோசனை விக் கிளாப்பம் என்பவருக்கு உதித்தது. அவர் ரயில் எஞ்சின் டிரைவர். முதல் உலக யுத்தத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் காடுகளிலும் வெயிலிலும் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்து திரும்பியவர். கூட நடந்து, திரும்பி வராமல் போன தோழர்களுக்கு ஞாபகார்த்தமாக ஏதாவது செய்ய வேண்டுமென்று அவருக்கு ஆசை. கல்லிலே தூண் எழுப்புவதைவிட, அவர்கள் பட்ட சிரமத்தில் ஒரு பங்கை உயிரோடிருப்பவர்களும் வருஷத்துக்கு ஒரு நாள் படட்டுமே என்று நினைத்தார். யுத்த வீரர்களின் சங்கத்தார் இது நடக்கக்கூடிய காரியமா என்று தட்டிக் கழித்தார்கள். மனிதர் விடாமல் கேட்டார். கடைசியில் செலவுக்கு ஒரே ஒரு பவுன் கடனாகக் கொடுத்துச் சம்மதித்தார்கள். 1921-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி முதல் ஓட்டம் நடந்தது. புறப்பட்டவர்கள் 34 பேர். போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர். முதலில் வந்த பில் ரோவன் என்பவருக்கு 8 மணி 59 நிமிஷம் பிடித்தது. 'காம்ரேட்ஸ் ஓட்டம்' என்று அதற்குப் பெயர். அதாவது தோழர்கள் ஓட்டம்.

நம் கதாநாயகர் ஆர்தர் நியூட்டன் இங்கிலாந்தில் 1883-ல் பிறந்தவர். இளமையிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, நேட்டாலில் நிலம் வாங்கிப் பயிர் செய்துகொண்டிருந்தார். அவருக்கு அரசாங்கத்தின் மீது ஒரு குறை. தம் பண்ணையைச் சுற்றியுள்ள நிலங்களை ஆப்பிரிக்க மக்கள் குடியிருக்க ஒதுக்கிவிட்டார்கள், அதனால் தம் பண்ணையின் மதிப்புப் போய்விட்டது, நஷ்ட ஈடு வேண்டும் என்பது அவர் வழக்கு. மனுப் போட்டார். மேலும் மனுப் போட்டார். அரசாங்கத்துக்குக் காது கேட்கவில்லை.

நம்மில் யாராவது இருந்தால் என்ன செய்திருப்போம்? வக்கீலைப் பார்ப்போம், அல்லது பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம். நியூட்டனுக்கு வேறு யோசனை தோன்றிற்று. சாதாரணக் குடியானவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பந்தயத்தில் புகழ் பெற்றவன் வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். ஆகவே முதலில் புகழ் பெற வேண்டும். காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஜயித்துவிட்டால் புகழ் வந்துவிடும். இப்படித் தீர்மானித்தார். அப்போது அவருக்கு வயது 38. வாலிபத்தில் கொஞ்சம் ஓடியதோடு சரி.

1922-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி பயிற்சி தொடங்கினார். அந்த நாட்டில் ஜனவரி என்றால் கோடை. சுமார் இரண்டு மைல் ஓடினார். அவ்வளவுதான், அடுத்த சில நாட்களுக்குக் காலை அசைக்க முடியவில்லை. பந்தயத்துக்கு இருந்ததோ ஐந்து மாதம்கூட முழுசாக இல்லை.

இங்கேதான் மனிதர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். 'என் உடம்பு லாயக்கில்லை' என்று அவர் சொல்லவில்லை. 'நான் செய்த முறை லாயக்கில்லை' என்றார். நடையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். நடை மெள்ள மெள்ள ஓட்டமாயிற்று. ஓட்டம் என்றாலும் பார்க்கிறவர்கள் சிரிக்கக்கூடிய ஓட்டம்; குட்டை அடிகளாகப் பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் போவது. ஆனால் தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார். வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

அந்தக் காலத்தில் ஓட்டக்காரர்கள் பந்தயத்துக்குத் தயார் செய்துகொள்வது என்றால் கொஞ்ச தூரம் வேகமாக ஓடுவது, கடிகாரத்தைப் பார்ப்பது, பிறகு ஓய்வெடுப்பது என்று வைத்திருந்தார்கள். நியூட்டன் அதைத் தலைகீழாக மாற்றினார். பயிற்சியில் போட்டி கூடாது, உடம்பைப் பதற விடக்கூடாது என்பது அவர் சித்தாந்தம். நியாயந்தானே? தினமும் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவன் எப்போது பாடம் படிப்பது?

அவர் அநுபவத்தில் கண்டுபிடித்ததற்கு இன்று வைத்தியர்கள் காரணம் சொல்லுகிறார்கள். ஓட ஆரம்பித்த சில வாரங்களில் மூச்சும் இருதயமும் பழகிவிடுகின்றன. எலும்புகளும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் பலப்படுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு 'போ, போ' என்கிறது. முழங்கால் 'பொறு, பொறு' என்கிறது. மூச்சின் பேச்சைக் கேட்டவன்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குகிறான். நிதானமாக நெடுந்தூரம் ஓடும்போது உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி பெறக் கற்றுக்கொள்கிறது. நெடுநேரம் ஓடுகிறவனுக்கு அதுதான் கட்டுச்சோறு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம் என்று இப்போது சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1922 மே 24. இந்தத் தடவை டர்பனிலிருந்து மேட்டுப் பாதையில் ஓட்டம். நியூட்டன் அவசரப்படாமல் புறப்பட்டார். முன்னால் பாய்ந்தவர்கள் மலைகளில் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். தம் குட்டை அடிகளோடு நியூட்டன் அவர்களைக் கடந்து சென்று, 8 மணி 40 நிமிஷத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை முதலாவதாக அடைந்தார். அடுத்த வருஷம் இறக்கப் பாதை. ரோவன் 8 மணி 59 நிமிஷத்தில் ஓடிய அதே திசையில் நியூட்டன் 6 மணி 56 நிமிஷத்தில் ஓடினார். இரண்டு மணி நேரத்துக்குமேல் குறைத்துவிட்டார்! 1924-லும் 1925-லும் அவரே முதல்வர். 1926-ல் இரண்டாவதாக வந்தார். 1927-ல் 44-வது வயதில் ஐந்தாம் முறையாக வென்றார்.

சரி, வழக்கு என்னவாயிற்று? புகழ் வந்தது. பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் வழியெல்லாம் நின்று கைதட்டினார்கள். ஆனால் அவர் கேட்ட நியாயம் கிடைக்கவில்லை. பண்ணையைக் கைவிட்டு ரொடீஷியாவுக்குப் போய்விட்டார். எதற்காக ஓடினாரோ அதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கிடைத்தது.

பையனுக்குச் சொன்ன கதை இவ்வளவுதான். கால்வலியோடு இருந்தவனுக்கு இது போதும் என்று நிறுத்திக்கொண்டேன். ஆனால் இந்தச் சரித்திரத்தைப் படித்த நாளிலிருந்து என் மனத்தை உறுத்தும் விஷயம் இனிமேல்தான் வருகிறது.

நியூட்டனுடைய குறையை அவர் பக்கம் நின்று பார்த்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. வேலிக்கு அப்பால் நின்று பார்த்தால்? 1913-ம் வருஷத்து நிலச் சட்டம் அந்த நாட்டின் பெரும்பான்மையோரான ஆப்பிரிக்க மக்களுக்கு ஒதுக்கிய நிலம் நூற்றுக்கு ஏழு பங்கு. அந்த ஏழு பங்கோடு ஏதோ ஒரு மூலையைச் சேர்க்கப் போனதுதான் நியூட்டனுக்கு அநியாயமாகப் பட்டது. அந்த மக்களின் மனுவை யார் கேட்பது? அவர்களும் ஓடிக் காட்டலாமே என்றால், காம்ரேட்ஸ் ஓட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. இந்தியர்களுக்கும் இல்லை, பெண்களுக்கும் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்ற பெயரைக் கேட்டதுமே நமக்கு வேறு ஞாபகம் வருகிறதல்லவா? 1893-ல் காந்திஜியை முதல் வகுப்பு ரயில் வண்டியிலிருந்து இறக்கிவிட்ட ஊர் அது. 1913-ல் தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்த ஊரும் அதுதான். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ந் தேதி பதினாறே வயதில் அந்தப் பெண் கண்ணை மூடினாள். அவள் சிறைப்பட்ட அதே போராட்டத்தில், நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 2,000 பேருக்குமேல், தலைக்கு மூன்று பவுன் வரியை எதிர்த்து, கையில் குழந்தைகளோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு நடக்கவில்லை. வழியில் கைதட்ட யாரும் நிற்கவில்லை. கைது செய்யப் போலீஸ்காரர்கள்தான் நின்றார்கள். 1914-ல் அந்த வரி ரத்தாயிற்று. அந்தக் கால்கள் எழுதிய மனு செல்லுபடியாயிற்று.

காம்ரேட்ஸ் பாதையிலும் கேளாமல் ஓடியவர்கள் உண்டு. 1923-ல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண்மணியின் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் பேசாமல் ஓடி 11 மணி 35 நிமிஷத்தில் முடித்தாள். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற ஆப்பிரிக்கர் எண் வில்லை இல்லாமலே 9 மணி 30 நிமிஷத்தில் ஓடி முடித்தார். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. எல்லோருக்கும் வழி திறக்க 1975 வரை ஆயிற்று. முதல் கறுப்பின வீரர், சாம் ட்ஷபலாலா, 1989-ல் ஜயித்தார்.

நியூட்டன் முதுமையில் லண்டனுக்கு அருகே வசித்தார். பல தேசத்து ஓட்டக்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திப் பாடம் கேட்டுப் போனார்கள். 1959-ல் காலமானார். காம்ரேட்ஸ் பாதையில் பாதி தூரத்துக்குப் பக்கத்தில், சாலையோரக் கரையில் குடைந்த ஒரு சிறு இருக்கை இருக்கிறது. அங்கே அவர் இளைப்பாறுவாராம். இன்றும் ஓடுகிறவர்கள் அதன் முன்னே ஒரு பூவைப் போட்டு, ஆர்தருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொன்னால் மீதிப் பாதி சுலபமாகக் கழியும் என்று நம்பிக்கை. அப்படி வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் இப்போது எல்லா நிறத்தாரும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள்.

எங்கள் தெருப் பையன் மறுபடியும் நடையிலிருந்து ஆரம்பித்தான். ஒரு மாதத்துக்கெல்லாம், என்னைக் கடந்து ஓடும்போது "குட்மார்னிங், சார்" என்று சொல்லும் அளவுக்கு நிதானம் வந்துவிட்டது. ஒரு நாள் மாலை திண்ணைக்கு வந்து, "அன்றைக்குக் கதையை அவசரமாக முடித்துவிட்டீர்களே, சார். அந்த நிலத்தில் குடிவந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. விட்ட பகுதியையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

தை மாதம் ஓட்டத்தை முடித்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆயிற்றாம்.

"பாதி தூரத்தில் ஒரு புளியமரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன், சார்" என்றான்.

"நியூட்டனுக்கா?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒன்று. பட்டியலில் பேர் வராமல் போனாரே, அவருக்கு ஒன்று" என்றான்.