பஞ்சப் படத்தில் இருப்பவர்கள்

1876-78 பெரும் பஞ்சத்தைப் பற்றி எங்கே பேசினாலும் நாம் சுவரில் ஒட்டுவது அதே படங்களைத்தான். விலா எலும்பு துருத்திய உடல்கள், தரையில் வரிசையாக. எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப்படை அதிகாரி. நாம் பார்த்த எந்த அச்சிலும் அவர் பெயர் உண்டு. படத்தில் இருப்பவர் ஒருவருக்கும் பெயர் இல்லை.

உற்றுப் பாருங்கள். போகிற போக்கில் எடுத்தவை அல்ல இவை. அன்றைய கேமரா முக்காலியில் நிற்கும் பெட்டி. கண்ணாடித் தகட்டில் உருவம் பதியும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவர்களை யாரோ கூட்டிவந்து, முகம் திருப்பி உட்காரவைத்திருக்கிறார்கள். மறுத்திருக்க முடியுமா? 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற கணக்குக்குக் குறைத்தார். முதலில் மடிந்தவர்கள் நிலமற்ற கூலிகள். அதில் நம் சேரிகளின் பங்கு பெரிது. கஞ்சி ஊற்றும் அரசின் சீருடைக்காரர் ‘உட்கார்’ என்றால் உட்காருவதுதான்.

இதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில் பர்மியர்களைச் சுட்டுக்கொல்லும் நொடியைப் படம் பிடிக்கக் கேமராவோடு நின்றார். லண்டன் டைம்ஸ் எழுதியது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது. கண்டனமும் கொஞ்சம் சம்பளக் குறைப்பும். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரரைத் திட்டிவிட்டு எழுந்துபோவது சுலபம். சில ஆண்டுகளுக்கு முன் மலக்குழியில் ஒருவர் இறந்த தெருவுக்கு நாம் போனோம். புரண்டு அழுத அவர் மனைவியைப் படம் எடுத்தோம். கேட்கவில்லை. பொதுத் தெருதானே! சுவரொட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினோம். படம் இல்லாவிட்டால் அப்படியொரு சாவே நடக்கவில்லை என்பார்கள். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்ன, அன்று நடப்பில் இருந்த 10 லட்சம் இழப்பீட்டைக் கேட்கப் போனாலும் சான்று கேட்டிருப்பார்கள். அந்தப் படம் வழக்குக்கு உதவியது. அதை மறுக்கவில்லை.

காரியத்தன்று அந்த அக்கா கேட்டார்: “மாராப்பு விலகிக் கெடந்துச்சே தம்பி, அதைப் பாத்தாவது வேற படம் போட்டிருக்கக் கூடாதா? எம்புள்ள அந்தச் சுவத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறான்.”

வழக்குக்கு வேண்டியது குழியும் கயிறும் உடலும். அவர் மாராப்பு அல்ல. சாட்சியத்துக்கும் காட்சிக்கும் நடுவே இருந்த அந்த வித்தியாசத்தை நமக்கு அவர்தான் காட்டினார், அதுவும் துக்க வீட்டில் உட்கார்ந்து.

அன்றிரவே பசை வாளி தூக்கிய அதே ஆட்கள் போய்ச் சுவரொட்டிகளைக் கிழித்தோம். பள்ளிக்கூடத் தெருவில் தொடங்கினோம். பஞ்சத்தைப் பற்றிய இந்தக் கூட்டத்துக்கு ஏன் படமே ஒட்டவில்லை என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். காரணம் இதுதான்.