வெளுத்துப் போன பவளமும் எங்க வீட்டு மதில் சுவரும்

2024 மே மாதம் நடந்த கதை. பிள்ளைகளுக்கு லீவு என்று மூணு வாரம் தூத்துக்குடிக்குப் போய்விட்டு செம்பூருக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் மகன் நேராக மீன் தொட்டிக்கு ஓடினான். அடுத்த நிமிஷம், "அப்பா, எல்லாம் செத்துப் போச்சுப்பா!" என்று ஒரு சத்தம்.

மீன்கள் இருந்தன. ஆனால் அவன் செல்லமாக வளர்த்த காளான் பவளம் ஆறும், நீலமும் சிவப்புமாக இருந்தவை, கழுவின பீங்கான் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றன. (கல் பவளம் வீட்டில் வைப்பது 2001லிருந்து சட்டப்படி குற்றம். இவை கல்லாகாத வகை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.)

உடனே நான் ஆடிட்டராகிவிட்டேன். முதல் சந்தேகம் எதிர் ஃப்ளாட் மராட்டி அம்மா மேல். அவர்களிடம்தான் சாவி கொடுத்திருந்தோம். தீனியை அள்ளிக் கொட்டித் தண்ணீரைக் கெடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மீனுக்குத் தாமிர மருந்து ஏதாவது ஊற்றியிருப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். மகன் முகத்தைப் பார்த்தபோது அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, கேட்கவில்லை.

தாராவியில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் நம்மூர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஏ தம்பி, எதையும் தூக்கிப் போட்டுராத. மொதல்ல குச்சியால மெதுவா தொட்டுப் பாரு. சுருங்குதா?" என்றார். சுருங்கியது. "நாத்தம் அடிக்கா? கரைஞ்சு கொழகொழன்னு இருக்கா?" இல்லை. "அப்போ சாவல, வெளுத்துருக்கு. அது வேற, இது வேற" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். உப்பு அளவு சரி. நைட்ரேட் சரி. தாமிரம் இல்லை. விளக்கும் பழையதுதான், டைமரும் மாறவில்லை. கடைசியாக வெப்பமானியைப் பார்த்தால் 32 டிகிரி! வழக்கமாக 26, 27 இருக்க வேண்டிய தொட்டி. மேலே ஓடுகிற குட்டி ஃபேன் நின்றிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது கரண்ட் மிச்சமாகட்டும் என்று எல்லா சுவிட்சையும் அணைத்த புண்ணியவான் ஒருவர் அதையும் சேர்த்து அணைத்திருக்கிறார். அவர் பெயர் வேண்டாம். வங்கியில் வேலை பார்க்கிறார், பி.காம். படித்தவர் :-)

சரி, வெப்பத்துக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? பவளம் ஒரு பிராணி. அதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்து வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போடுகிறது. நிறத்தில் பெரும்பகுதியும் அதன் உபயம்தான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிக்குள் நடக்கும் சமையல் கெட்டு நச்சுப் பொருள் உண்டாகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்புறம் பட்டினிதான். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும். குளிராவிட்டால் சாவு.

இதைக் கண்டுபிடித்த கதை பெரியது. 1928-29ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் மாரிஸ் யங். லோ ஐல்ஸ் தீவில் உட்கார்ந்து, சூடான நீரில் பவளம் தன் பாசியை வெளியே தள்ளுவதை அவரும் நிக்கல்ஸும் கவனித்து 1931ல் எழுதினார்கள். 1982-83 எல் நினோவின்போது பனாமா பக்கம் பவளத் திட்டுகள் கூட்டம் கூட்டமாக வெளுத்துச் செத்ததைப் பீட்டர் கிளின் பதிவு செய்தார். அதன் பிறகுதான் இது ஒரு மூலையில் நடக்கும் விஷயமில்லை என்று உலகத்துக்கு உறைத்தது.

இதில் நம்ம ஊருக்கும் ஓர் இடம் உண்டு. 1969 ஜனவரியில் பவளப் பாறைகளுக்கென்று ஒரு கருத்தரங்கு நடந்தது. உலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் அதைத்தான் முதலாவதாக எண்ணுகிறார்கள். நடந்த இடம் பாரிஸோ ஹவாயோ இல்லை. நம்ம மண்டபம் கேம்ப்!

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் அதே கடலில் பவளத்தை வெட்டி எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கு, கட்டடத்துக்கு, தொழிற்சாலைக்கு. நான் சின்னப் பையனாக இருந்தபோது கல் ஏற்றி வந்த வள்ளங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பழைய வீட்டு மதில் சுவரே அந்தக் கல்தான். பூவும் ஓட்டையுமாக இருக்கும். அதில் விரல் விட்டு விளையாடியிருக்கிறோம். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று படித்தோம். பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அரணாக இருந்த பாறையை வெட்டினால் அலை தீவைத் தின்னாமல் என்ன செய்யும்? 1986ல் தேசியப் பூங்கா வந்தது, 2001ல் சட்டம் இறுகியது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது அடங்கியது.

வெட்டு நிற்பதற்குள் சூடு வந்துவிட்டது. 1998ல் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தது. உலகப் பவளத்தில் சுமார் 16 சதவீதம் அந்த ஒரு வருடத்தில் போனதாகக் கணக்கு. மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. அந்தக் கோடையில் நான் தூத்துக்குடியில் பி.காம். முதல் வருடப் பரீட்சை எழுதிவிட்டு பீச்சில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். வான் தீவு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கடலுக்கடியில் நடந்தது எனக்கு எதுவும் தெரியாது. 2010லும் 2016லும் மறுபடி. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் வருடா வருடம் முங்கிப் பார்த்துக் கணக்கு எழுதி வைத்திருப்பதால்தான் இழப்பு எவ்வளவு என்றாவது தெரிகிறது.

2024 ஏப்ரலில், இது நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் லட்சத்தீவில் வெளுத்த செய்தி வந்தது. எங்கள் தொட்டி வெளுத்ததும் அதே மே!

தொட்டியை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி என்று மெல்லக் குறைத்தோம், வெளிச்சத்தையும் பாதியாக்கினோம். தீபாவளி வாக்கில் நான்கு திரும்ப நிறம் பிடித்தன. இரண்டு போய்விட்டன. மகனிடம் உண்மையைச் சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் கேட்டான்: "அப்பா, தொட்டிக்கு ஃபேன் போட்டோம். கடலுக்கு யாரு போடுவா?"

அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏலே, அந்தக் கல்லு உங்க தாத்தா வள்ளத்துல வந்ததுதாம்ல. அன்னைக்கு வயித்துப்பாடு" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பி.கு: எதிர் ஃப்ளாட் அம்மாவுக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல மல்லிகைப் பூவாக வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.